நிழலோட நீளம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்து ஏதோ மருந்துச் சீட்டுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதே. பள்ளிக்கூடம் விட்டப்புறம் நான் பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்து போடுறதுக்குத்தான்.

உனக்கு அந்தப் பாழாப்போன ஜுரம் வந்து காது போனதுலேர்ந்து நம்ம ரெண்டு பேருக்கும் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா ஊர் வம்பு பூரா பேசித் தீர்ப்போம். இப்ப நான் மாஞ்சு மாஞ்சு மெசேஜ் அடிச்சா நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புறே. உன் கட்டைவிரலை வச்சு நான் என்னடா பண்றது? அதான் கடிதம். இதுக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது, உக்கார்ந்து பதில் எழுதித்தான் ஆகணும்.

உன் வீட்டுக்காரி எல்லாத்தையும் சொல்லிட்டா. அவளைக் கோவிச்சுக்காதே, நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன். கடையில பிரேம் போடுறியாம், வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்து உக்கார்ந்துடுறியாம். நீ படம் வரையுற மேஜை மேல அவ துவைச்ச துணியை மடிச்சு வச்சாளாம், நீ ஒரு வார்த்தை சொல்லலையாம். நீ சண்டை போடுவேன்னு நினைச்சுத்தான் வச்சிருக்கா, பைத்தியக்காரி. போடலைன்னதும் பயந்துட்டா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பிரேம் போடுறப்போ காதுல மாட்டிக்கிட்டு ஓவியத்தைப் பத்தி ஏதேதோ பாட்காஸ்ட் கேப்பியே. "நீயும் கேளுக்கா, கேளுக்கா"ன்னு என் உயிரை எடுப்பியே. அப்ப எனக்கு எங்க நேரம்? ஆனா யோசிச்சுப் பார்த்தா எனக்கு இந்த லாண்டரியில கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் போர்வைன்னு மடிச்சு மாளலை. காது சும்மாதான் கிடக்கு. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், மெஷின் மணி கேக்குற மாதிரி ஒரு காதை விட்டுட்டு இன்னொரு காதுல மாட்டிக்கோன்னுட்டார். அதனால இனிமே நீ கேட்டதையெல்லாம் உனக்குப் பதிலா நான் கேக்கப் போறேன். கேட்டதை எழுதி அனுப்பப் போறேன்.

முதல்ல 'ஒரே படம்'னு ஒண்ணு கேட்டேன். ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஓவியத்துக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டு உக்கார்ந்துக்கிட்டு, கீழ் மூலையிலேர்ந்து மெதுவா, மெதுவா, மேல வரைக்கும் என்ன இருக்குன்னு சொல்றாங்க. அவசரமே இல்லை. நான் அவங்களுக்கு 'நிதானம்'னு பேரு வச்சுட்டேன். ஒரு பொம்பளை பாத்திரம் தேய்க்கிற படம். அரை மணி நேரம் அதைச் சொன்னாங்க. கடைசியில அந்தக் கிண்ணத்துல ஒட்டியிருந்த சாம்பல்கூட என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, காதால எப்படிடா பார்க்க முடியுது?

மாமா உன்னை விசாரிச்சார். பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதம் வந்துச்சு. உன் எழுத்தைப் படிக்க நானும் அவளுமா சேர்ந்து உக்கார்ந்தோம். 'நிதானம்'ங்கறதை அவ 'நிவாரணம்'னு படிச்சு எழுதிக் காட்டினா. அரை நாள் எனக்கு ஒண்ணும் புரியலை.

நான் நல்லாத்தான் இருக்கேன். கடையில முதலாளி எனக்காக வாசல் மணிக்குப் பதிலா ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருக்கார். யாராவது உள்ள வந்தா எரியும். ரம்பம் ஓடுறப்போ மட்டும் கூட ஒரு ஆள் நிக்கணும்னு சொல்லிட்டார். கல்யாண போட்டோ, பட்டம் வாங்கின சான்றிதழ், செத்துப்போனவங்க படம், இதுக்கெல்லாம் பிரேம் போட காது எதுக்கு? குறை ஒண்ணுமில்லை.

ஆனா அந்தப் பாட்காஸ்ட் சமாசாரம் வேணாம்க்கா. தப்பா எடுத்துக்காதே. பல் வலிக்காரன்கிட்ட முறுக்கைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. டாக்டர் நரம்பே போயிடுச்சு, காதுல மெஷின் வச்சாலும் பிரயோஜனமில்லைன்னுட்டார். நான் ஏத்துக்கிட்டேன், நீயும் ஏத்துக்கோ. போர்வை மடிக்கிறப்போ பாட்டு ஏதாவது கேளு.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

பி.கு.: அந்தப் பாத்திரம் தேய்க்கிற படத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு எழுதவே இல்லையே? கிண்ணத்துல சாம்பல் தெரிஞ்சுதுன்னு மட்டும் எழுதினா எப்படி?


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இடது பக்கம்! இடது பக்கம்டா! உன் பி.கு.வைப் படிச்சதும் திரும்பப் போட்டுக் கேட்டேன். இடது பக்கம் ஒரு ஜன்னல், பாதி மூடியிருக்கு, வெளிச்சம் அவ முழங்கையில பட்டுத்தான் கிண்ணத்துக்கு வருதாம். போதுமா? "வேணாம்க்கா, வேணாம்க்கா"ன்னு ஒரு பக்கம் எழுதிட்டு அடியில கேள்வி கேக்குறான் பாரு. நீ சின்ன வயசுலேர்ந்தே நான் சொல்றதைக் காதுல போட்டுக்க மாட்டே, இப்ப சாக்கு வேற கிடைச்சுடுச்சு. ஆனா கண்ணுல போட்டுக்கத்தான் வேணும். நான் எழுதுவேன்.

'அழுக்குக்கு அடியில்'னு ஒண்ணு. உனக்குத் தெரிஞ்சிருக்கும். பழைய ஓவியங்களைச் சுத்தம் பண்ற ஒரு பொம்பளை நடத்துறாங்க. குச்சியில பஞ்சைச் சுத்தி, வாயில வச்சு எச்சில் தொட்டு, அதால படத்தைத் துடைக்கிறாங்களாம்! எச்சில் பெயிண்டைத் தொடாம அழுக்கை மட்டும் எடுக்குமாம். நான் இத்தனை வருஷமா தலையணை உறையில எச்சில் கறை போக மருந்து ஊத்திக்கிட்டு இருக்கேன், அங்க எச்சிலே மருந்தாம்! இதை மறுமுனைகிட்ட சொன்னதும் சிரிச்ச சிரிப்புல போர்வையைக் கீழ விட்டுட்டா, திரும்பத் துவைக்கப் போட வேண்டியதாப் போச்சு. மறுமுனைன்னா யாருன்னு கேப்பே. என்கூட போர்வை மடிக்கிறவ. ஒரு முனை நான் பிடிப்பேன், மறுமுனை அவ. அதுவே பேராயிடுச்சு. இந்த நிகழ்ச்சியில துடைக்கிற சத்தத்தையும் போடுறாங்கடா. சர்... சர்...னு லேசா. அழுக்கு போற சத்தம் எனக்குத் தெரியாதா என்ன? நம்ம ஆளுதான் அவங்க.

இன்னொண்ணு 'எனக்குப் பிடிக்கலை'. ரெண்டு சிநேகிதங்க ஓவியக் கண்காட்சிக்குப் போவாங்க. ஒருத்தனுக்குப் பிடிச்சா இன்னொருத்தனுக்குப் பிடிக்கக் கூடாது. ஏன் பிடிக்கலைன்னு சரியா சொல்ற வரைக்கும் அந்தப் படத்தை விட்டு நகரக் கூடாது. "சும்மா பிடிக்கலை"ன்னு சொன்னா செல்லாது. ஒரு நாள் ஒரு குதிரைப் படத்துக்கு முன்னாடி மாட்டிக்கிட்டு முழிச்சான் பாரு, கடைசியில "குதிரைக்குப் பின்னங்கால் இல்லையே, அதான்"னு கண்டுபிடிச்சான். குறை சொல்றதுன்னாலும் உத்துப் பார்க்கணும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மூணாவதா ஒண்ணு கேட்டேன், பேரு வேணாம். அந்த ஆளு பேசவே விடாம பின்னாடி பியானோ வாசிச்சுக்கிட்டே இருக்காங்க. தூக்கம் வந்துடுச்சு. அதை நீ கேக்க முடியலைன்னு வருத்தப்படவே வேணாம்.

முக்கியமானதைக் கடைசியில எழுதுறேன். நிதானம் அம்மா இந்த வாரம் ஒரு வெயில் படம் எடுத்துக்கிட்டாங்க. ஒரு தெரு, ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறான். அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்: "வெயில் படத்துல ஆளைப் பார்க்காதீங்க. முதல்ல நிழலோட நீளத்தைப் பாருங்க. மணி என்ன, அந்த ஆள் மனசு என்னன்னு அதுவே சொல்லிடும்." அதுக்குள்ள உலர்த்துற மெஷின் மணி அடிச்சுத் தொலைச்சுது, மீதியைக் கேக்க முடியலை.

ஆனா அது மனசுலயே நின்னுடுச்சுடா. ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா எங்க வாசல் கேட்டுக்கிட்ட சாயங்கால வெயில். மறுமுனை இருக்காளே, என் தோள் உயரம்கூட வர மாட்டா. அவ நிழல் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்க் கட்டடத்துச் சுவத்துல ஏறி நிக்குது! நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு மடிச்ச பொம்பளை. நிழல் மட்டும் நிமிர்ந்து மாடி வரைக்கும் போகுது. எனக்கு வரையத் தெரிஞ்சா அன்னிக்கே வரைஞ்சிருப்பேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன் சுவத்தைப் பார்த்து உக்கார்ந்திருக்கான்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

மேஜை மேல இருந்த துணியை எடுத்துக் கட்டில்ல போட்டேன். கட்டிலையே தூக்கி வெளிய போட்டிருந்தாலும் அன்னிக்கு வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா.

உன் மறுமுனையை வரைஞ்சுட்டேன். ஆளைப் பார்த்ததில்லைங்கறதால ஆளை வரையலை. ரெண்டு செருப்புக் கால் மட்டும் கீழ ஓரத்துல. அங்கேர்ந்து நிழல் கிளம்பி, கேட்டு, ரோடு, சுவர்னு ஏறிப் போகுது. முதல்ல வரைஞ்சது சரியா வரலை. நிழல் சுவத்துல ஏறுற இடத்துல மடங்கணும், போர்வை மடிக்கிற மாதிரி. அதை மூணு தடவை அழிச்சேன்.

நீ எழுதின அந்த ஒரு வரி என்னை விடவே மாட்டேங்குது. நானும் நிதானம் அம்மாவை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், இப்படி ஒரு வரி சொன்னதா ஞாபகமே இல்லை. ஆளை விட்டுட்டு நிழலோட நீளத்தை வரைஞ்சா, ஆள் தானா வந்து நிக்குதுக்கா. கடைக்கு வர்றவங்களை நான் இப்ப முகத்தைப் பார்க்கறதில்லை, தரையைத்தான் பார்க்குறேன். சிவப்பு பல்பு எரியுறதுக்கு முன்னாடியே வாசல்ல நிழல் வந்துடுது. செத்துப்போன வீட்டுக்காரர் படத்தை எடுத்துக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. உள்ள வர மனசில்லாம வாசல்லயே நின்னாங்க. அவங்க நிழல் மட்டும் முதல்ல கவுன்டர் வரைக்கும் வந்துட்டுது. அதையும் வரைஞ்சிருக்கேன்.

போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன் அவகிட்ட. பார்த்துட்டு உண்மையைச் சொல்லு. அக்காங்கறதுக்காகப் பூசி மெழுகாதே.

அடுத்த கடிதத்துல அந்த எச்சில் அம்மா என்ன பண்றாங்கன்னு எழுது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி!

தலைகால் புரியலை, அதனால கொஞ்சமா எழுதுறேன். போட்டோவைப் பெரிசா பிரிண்ட் எடுத்து, இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்துல ஒட்டிட்டோம். மறுமுனை தன் செருப்பைப் பார்க்குறா, படத்தைப் பார்க்குறா, "நான்தான்டி இது"ன்னு போற வர்றவங்களையெல்லாம் இழுத்து வச்சுக் காட்டுறா. சூப்பர்வைசர் வந்து "யாரு போட்டது?"ன்னார். "என் கூடப் பிறந்தவன்"னு சொன்னேன். சொல்றப்போ என் குரலைக் கேட்டிருக்கணும் நீ. சரி, கேக்க முடியாது, நான் சொல்றேன்: மந்திரி மாதிரி சொன்னேன்.

பூசி மெழுகலை. படத்துல ரோடு மட்டும் கொஞ்சம் தட்டையா இருக்கு. மத்ததெல்லாம் அபாரம்.

அக்கா


ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

கண்காட்சி முடிஞ்சுது. முதலாளியோட சிநேகிதர் ஒருத்தர் அவரோட ஹால்ல ரெண்டு வாரம் என் நிழல் படங்களை மட்டும் மாட்டினார்னு முன்னாடியே எழுதினேனே, அதுதான். நான் வரைஞ்ச படத்துக்கு நானே பிரேம் போட்டேன். வாடிக்கைக்காரனும் நானே, கடைக்காரனும் நானே, ஒரு தடவைகூடச் சண்டை வரலை. எதிர்பார்த்ததை விட நிறைய ஜனம் வந்துச்சு.

இப்ப நான் எழுதப்போறதைப் படிச்சுட்டுக் குதிக்காதே. நிதானம் அம்மா வந்திருந்தாங்க. நிஜமா அவங்களே. நாற்காலி கேட்டு வாங்கி, உன் மறுமுனை படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் உக்கார்ந்திருந்தாங்க. அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. அவங்க பாட்காஸ்ட்ல நான் வந்து பேசணுமாம்.

நான் முடியாதுன்னு தலையாட்டிட்டேன்.

ஏன்னு உனக்கு மட்டும் சொல்றேன். திறப்பு நாள்ல ஒரு பொண்ணு படத்தைப் பத்தி ஏதோ எழுதிக் கேட்டா. நான் சந்தோஷத்துல வாயைத் திறந்து பதில் சொன்னேன். ஹால்ல இருந்த எல்லாரும் சட்டுன்னு திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு ஒரு அடி பின்னாடி போயிட்டா. வீட்டுக்காரி என் கையைப் பிடிச்சு அழுத்தினா. நான் கத்தியிருக்கேன்க்கா. எனக்கே தெரியாம கத்தியிருக்கேன். எவ்வளவு சத்தம், எப்படி வருது, எதுவும் எனக்குத் தெரியறதில்லை. அன்னியிலேர்ந்து வெளியாள் முன்னாடி நான் பேசறதையே விட்டுட்டேன். சீட்டுல எழுதிக் காட்டுறேன், இல்லைன்னா எனக்காக அவ பேசுறா. அது பழகிப் போச்சு. படம் பேசினாப் போதும். பாட்காஸ்ட்னா என்ன? குரல்தானே? என்கிட்ட அது ஒண்ணுதான் கெட்டுப் போயிருக்கு, அதைக் கொண்டு போய் ஊர் முன்னாடி வைக்கவா?

இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

பேச வேண்டாம்னா எழுதுறேன்.

நான் குதிச்சேன். நல்லாவே குதிச்சேன். நிதானம் அம்மா நாற்காலி கேட்டாங்கங்கற வரியைப் படிச்சுட்டு லாண்டரி நடுவுல குதிச்சேன். அதுக்கு அடுத்த பத்தியைப் படிச்சப்புறம் வந்த கோவத்துல அன்னிக்கு நான் மடிச்ச போர்வையெல்லாம் கோணல்.

ஏன்டா, ஒரு பொண்ணு ஒரு அடி பின்னாடி போனா, நீ ஆயுசுக்கும் வாயை மூடிக்குவியா? அவ பின்னாடி போனது பயந்தா, இல்லை படத்தை நல்லாப் பார்க்கவான்னு கேட்டியா நீ? கேட்டிருக்க மாட்டே. உன் வீட்டுக்காரி கையை அழுத்தினா, அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிட்டே. அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், இதைப் படிச்சுக் காட்டு: அம்மாடி, இவனுக்காக நீ பேசிப் பேசி இவன் வாயைத் துருப்பிடிக்க விடாதே.

குரல் கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? நீயா? உன்னால கேக்கவே முடியாது, உனக்கு எப்படித் தெரியும்? கேக்கத் தெரிஞ்சவ நான். ஓவியத்தைப் பத்திப் பேசுறவங்க எத்தனை பேரைக் கேட்டுட்டேன் இந்த ஆறேழு மாசத்துல. மூக்கால பேசுறவன், முழுங்கி முழுங்கிப் பேசுறவ, எச்சில் தெறிக்கப் பேசுறவன், பியானோக்காரன். ஒருத்தர் குரலும் கச்சேரிக் குரல் இல்லை. பார்த்ததைப் பார்த்த மாதிரி சொல்றாங்களா, அதுதான் அங்க கணக்கு. நீ பார்த்திருக்கே. நீ சொல்லு.

உன்னைக் கெஞ்சலை. நான் மூத்தவ, சொல்றேன், போ. போய்ப் பேசு. பிடிக்கலைன்னா 'எனக்குப் பிடிக்கலை'ன்னு ஒரு பாட்காஸ்ட் இருக்கு, அதுல போய்ச் சொல்லிக்கோ.

உன் அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

போனேன். பேசிட்டு வந்துட்டேன். உன் கடிதத்தை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ அழுதா, அப்புறம் சிரிச்சா, அப்புறம் "நான் வாசல்லயே நின்னுக்கறேன், உள்ள நீங்களே போங்க"ன்னு எழுதிக் காட்டிட்டா. உள்ள வர மாட்டேன்னுட்டா, பிடிவாதமா.

சின்ன ரூம். சுவர் பூரா கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்காங்க, வெளிச் சத்தம் வராம இருக்க. எனக்கு உலகம் பூரா ஸ்பாஞ்சு ஒட்டின மாதிரித்தான், அதனால அந்த ரூம்ல எல்லாரையும் விட நான்தான் சகஜமா இருந்தேன். நிதானம் அம்மா கேள்வியை வாயால கேட்டுக்கிட்டே கம்ப்யூட்டர்ல அடிப்பாங்க, எழுத்து என் முன்னாடி பெரிய திரையில வரும். நான் முதல் வரி பேசினதும் ஒலிப்பதிவு பண்ற பையன் தோள் குலுங்கினதைப் பார்த்தேன். பேச்சை நிறுத்திட்டேன். அந்தம்மா உடனே அடிச்சாங்க: "நீங்க குறைக்க வேண்டாம். மைக்கைத் தள்ளி வைக்கிறோம்." வச்சாங்க. அவ்வளவுதான் விஷயம். இதுக்கா நான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு தோணுச்சு.

இப்ப ஒரு விஷயம் எழுதுறேன், கெட்டியா எதையாவது பிடிச்சுக்கோ. நிழல் படமெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டாங்க. நான் பெருமையா சொன்னேன், "எல்லாம் நீங்க சொன்னதுதான்மா. வெயில் படத்துல முதல்ல நிழலோட நீளத்தைப் பார்க்கணும்னு சொன்னீங்களே, எங்க அக்கா கேட்டு எழுதினாங்க"ன்னு. அந்தம்மா என்னையே பார்த்தாங்க. அப்புறம் திரையில வந்துச்சு: "நான் நீலம்னுதானே சொன்னேன்?"

எனக்குப் புரியலை. அவசரத்துல எழுத்துப் பிழை விட்டுட்டாங்கன்னு நினைச்சு, "ல இல்லைம்மா, ள போடணும்"னு திருத்தினேன். அவங்க தலையாட்டிக்கிட்டே திரும்ப அடிச்சாங்க: "இல்லை. நீலம். கலர். நிழல் கறுப்பு இல்லை, நீலம். சாயங்காலம் ஆக ஆக நீலம் ஏறும். அதைத்தான் சொன்னேன்."

அக்கா, நான் வரைஞ்ச நிழல் பூரா பழுப்புக்கா! பழுப்பும் சாம்பலும். ஒரு சொட்டு நீலம் கிடையாது! நான் சிரிக்க ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்லை. அந்தம்மாவும் சிரிச்சாங்க, ஸ்பாஞ்சுச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு அந்தப் பையனும் சிரிச்சான். அப்புறம் அவங்க அடிச்சாங்க: "நான் சொன்னதை நீங்க ஒழுங்காக் கேட்டிருந்தா இந்தப் படம் எதுவும் வந்திருக்காது."

நான் நினைச்சுப் பார்த்தேன். உண்மைதான். எனக்குக் காது இருந்திருந்தா நீலம்னு சரியாக் கேட்டிருப்பேன். கேட்டுட்டு, எல்லாரும் வரையுற மாதிரி நீல நிழல் வரைஞ்சுட்டுப் போயிருப்பேன். ஊர்ல எத்தனையோ பேருக்கு அந்தம்மா சொன்னது கிடைச்சுது. நீ கேட்டது எனக்கு மட்டும்தான் கிடைச்சுது.

அடுத்த மாசம் முதல் வாரம் வெளியிடுறாங்க. ஒரே ஒரு உதவி பண்ணு. முழுசாக் கேட்டுட்டு, என் குரல் எப்படி இருக்குன்னு எழுது. இங்க எல்லாரும் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க, நம்ப முடியாது. நீ எழுதினாத்தான் நான் கேட்ட மாதிரி.

தம்பி


நவம்பர் 8

என் தம்பிக்கு,

முதல்ல அந்த நீலத்தைத் தீர்த்துடுறேன். பழைய நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டு, காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். நீளம்தான். மறுமுனையைக் கேக்க வச்சேன், அவளும் நீளம்ங்கறா. சூப்பர்வைசருக்கும் நீளம். நிதானம் அம்மா நாக்குல ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, அதுக்கு நான் என்ன பண்ண? மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். தப்பாக் கேட்டாலும் எப்படிக் கேட்டேன் பார்த்தியா! அந்தம்மாவைப் பார்த்தா சொல்லு, அவங்களுக்கு நீலம் வேணும்னா தனியா வரைஞ்சுக்கட்டும்னு.

இப்ப உன் குரல்.

நேத்து மத்தியானம் வந்துச்சு. இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்துல நானும் மறுமுனையும் நின்னு, ஒயரை ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டோம். ஒயர் சின்னது, ரெண்டு பேரும் கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கிட்டுத்தான் நிக்க முடிஞ்சுது. போர்வை மடிக்கலை. சூப்பர்வைசர் பார்த்தார், அந்தப் பக்கம் போயிட்டார்.

பூசி மெழுகக் கூடாதுன்னு நீ எப்பவும் சொல்லுவே. சரி. சத்தம்தான். மைக்கைத் தள்ளி வச்சும் சத்தம்தான். மாடியில இருக்குறவங்களைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரி ஆரம்பிக்கிறே. 'ச' வர்ற இடமெல்லாம் கொஞ்சம் குழையுது. கேள்வி கேக்குற மாதிரி ஏத்த வேண்டிய இடத்துல இறக்குறே, இறக்க வேண்டிய இடத்துல ஏத்துறே. தெரியாதவங்க முதல் ரெண்டு நிமிஷம் ஒரு மாதிரி நினைப்பாங்க. இதுல எதையும் நான் மறைக்கலை, நீயும் கேட்டதா வச்சுக்கோ.

ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு நடந்துச்சு, உனக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்காரர் படத்தைக் கொண்டு வந்தாங்களே ஒரு அம்மா, வாசல்லயே நின்னாங்களே, அவங்க நிழலுக்குப் பழுப்பு எப்படிக் கலந்தேன்னு சொல்ல ஆரம்பிச்சே. குரல் தானா இறங்கிடுச்சுடா. யாரும் உன் கையை அழுத்தலை, யாரும் சைகை காட்டலை. அந்தம்மா பக்கத்துல நிக்கிற மாதிரி, அவங்க மனசு நோகாம பேசுற மாதிரி, அவ்வளவு மெதுவா வந்துச்சு. எப்ப சத்தம் போடணும், எப்ப குறைக்கணும்னு உனக்குள்ள ஏதோ ஒண்ணுக்குத் தெரியுது. அது காது இல்லை. மறுமுனை என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நீ சிரிச்ச இடத்துல நாங்களும் சிரிச்சோம். சிரிப்பு துளிகூட மாறலை, அதே கழுதைச் சிரிப்பு.

கடைசிக்கு வர்றேன். நிகழ்ச்சி முடியுறப்போ நிதானம் அம்மா எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வியை உன்கிட்டயும் கேட்டாங்க. "ஓவியம் பிடிச்சவங்க கட்டாயம் கேக்க வேண்டிய பாட்காஸ்ட் ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க. கேட்டப்புறம்தான் யாரைக் கேக்குறோம்னு அவங்களுக்கே உறைச்சிருக்கு. "ஐயோ"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. நீ என்னடா சொன்னே? யோசிக்கவே இல்லையே. "எங்க அக்கா"ன்னே. "லாண்டரியில போர்வை மடிக்கிறாங்க. நல்லாக் கேப்பாங்க, கொஞ்சம் தப்பாக் கேப்பாங்க. தபால்லதான் வரும். நான் வேற எதுவும் கேக்கறதில்லை"ன்னே.

திருட்டுப் பயலே, இதை உன் கடிதத்துல எழுதாமலே விட்டுட்டியே.

நான் அழுதேன். நல்லா வாய் விட்டு அழுதேன், துடைக்கப் பக்கத்துலயே அவ்வளவு வெள்ளைத் துணி இருக்கு, என்ன குறை? எல்லாரும் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. "என் தம்பி பேசுறான்டி"ன்னு சொன்னேன். அப்புறம் ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு, போனை மேஜை மேல வச்சு, முதல்லேர்ந்து திரும்பப் போட்டோம். உலர்த்துற மெஷின் ரெண்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த இரைச்சல்ல யார் பேசினாலும் எங்களுக்குப் பாதி வார்த்தை விழாது. உன் குரல் மட்டும் ஒரு வார்த்தை பாக்கியில்லாம அந்தக் கடைசி வரைக்கும் கேட்டுச்சுடா.

இனிமே உன் வீட்டுக்காரி உனக்காகப் பேச வேண்டாம். சீட்டுல எழுதிக் காட்டவும் வேண்டாம். கடைக்கு யாராவது வந்தா, கண்காட்சியில யாராவது கேட்டா, நீயே வாயைத் திறந்து சொல்லு. ஒரு அடி பின்னாடி போறவங்க போகட்டும். நான் கேட்டுட்டேன். சத்தமாவே பேசு.

உன் அக்கா